கேள்வி – பதில்: செவ்வாய்க்கு எத்தனை டன் காற்று வேண்டும்?

பிற கோள்களை மனிதர் வாழத் தகுந்த இடங்களாக மாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கேள்விகள் செவ்வாயைப் பற்றியே இருந்ததால் பதில்களும் அங்கேயே அதிக நேரம் நிற்கின்றன.

விண்வெளி உடை இல்லாமல் செவ்வாயில் நடமாட வேண்டுமானால் அங்கே என்னென்ன மாற வேண்டும்? எண்களோடு சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

முதலில் அழுத்தம். செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். நம் கடல்மட்டத்தில் அது 1,013. அழுத்தம் 63 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் நம் உடல் வெப்பமான 37 டிகிரியிலேயே நீர் கொதிக்கும். வாயிலும் கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள ஈரம் ஆவியாகத் தொடங்கிவிடும். வெறும் ஆக்சிஜன் முகமூடியோடு வெளியே போகலாம் என்ற நிலை வருவதற்கே அழுத்தம் பல மடங்கு உயர வேண்டும். அப்பல்லோ வீரர்களின் உடைக்குள் சுமார் 255 மில்லிபார் தூய ஆக்சிஜன் இருந்தது. சிரமமில்லாமல் வேலை செய்ய ஏறக்குறைய அந்த அளவு தேவை.

முகமூடியும் வேண்டாம் என்றால் கணக்கு கடுமையாகிறது. 1991-ல் கிறிஸ்டோபர் மெக்கே, ஓவன் டூன், ஜேம்ஸ் காஸ்டிங் ஆகிய மூவரும் நேச்சர் இதழில் ஒரு வரையறை கொடுத்தார்கள்: ஆக்சிஜன் 130 முதல் 300 மில்லிபார், நைட்ரஜன் 300-க்கு மேல், கரியமில வாயு 10-க்குக் கீழ். இப்போது செவ்வாயில் இருக்கும் மெல்லிய காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு; நைட்ரஜன் 2.6 சதவீதம், ஆக்சிஜன் 0.16 சதவீதம்தான். ஆகவே காற்றைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது. கரியமில வாயுவாலேயே 1 பார், அதாவது 1,000 மில்லிபார், நிரப்பினால் தரை சூடாகும், நீர் ஓடும், ஆனால் மூச்சை இழுத்தவர் சில நொடிகளில் மயங்கி விழுவார்.

அடுத்து எடை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம். ஈர்ப்பு குறைவு என்பதால் அதே அழுத்தத்தைத் தர அதிகக் காற்று வேண்டும். பூமியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. செவ்வாயில் அதே அழுத்தத்துக்கு 27 டன் தேவை. இன்று அங்கே இருப்பது சுமார் 170 கிலோ. கோள் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள்: இருப்பது 25 லட்சம் கோடி டன், வேண்டியது 39 கோடி கோடி டன். செவ்வாயை மாற்றுவது பற்றி எந்தத் திட்டத்தைப் படித்தாலும் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். "எப்படி" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. "எவ்வளவு" என்று கேட்கும்போதுதான் பெரும்பாலான திட்டங்கள் நின்றுவிடுகின்றன.

செவ்வாயின் துருவங்களில் அணுகுண்டுகளை வெடித்துப் பனியை உருக்கலாம் என்று எலான் மஸ்க் சொன்னாரே, அது நடக்குமா?
– வங்கி ஊழியர், ஓசூர்

2015-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அப்படிச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தென்துருவத்தில் புதைந்திருக்கும் உலர்பனி, அதாவது உறைந்த கரியமில வாயு, சுமார் 15,000 கன கிலோமீட்டர். எடையில் அது 24 லட்சம் கோடி சொச்சம் டன். ஒரு கிலோ உலர்பனியை வாயுவாக்க சுமார் 590 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மொத்தத்துக்கும் கணக்கிட்டால் 34 லட்சம் மெகாடன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் வருகிறது. மனிதன் இதுவரை வெடித்ததிலேயே பெரியது 1961-ல் சோவியத் ஒன்றியம் வெடித்த 50 மெகாடன் குண்டு. அதைப் போல 68,000 குண்டுகள் வேண்டும். அதுவும் வெப்பம் ஒரு துளிகூட வீணாகாமல் பனிக்குள்ளேயே இறங்கினால்.

இவ்வளவும் செய்தபின் அழுத்தம் 6-லிருந்து சுமார் 12 மில்லிபாராகும். அவ்வளவுதான். மெல்லிய காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காது என்பதால் அடுத்தடுத்த குளிர்காலங்களில் துருவத்தில் பனி மறுபடி படியும்.

மற்ற இடங்களில் கரியமில வாயு இல்லையா என்று கேட்கலாம். 2018-ல் புரூஸ் ஜேக்கோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் துருவப்பனி, மண்ணில் ஒட்டியிருக்கும் வாயு, கார்பனேட் பாறைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். நடைமுறையில் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தாலும் 20 மில்லிபார் அளவுக்குத்தான் வரும் என்பது அவர்களின் முடிவு. நீர் தாராளமாக ஓடும் அளவு வெப்பத்துக்கு ஏறக்குறைய 1 பார் வேண்டும். பழைய காற்றின் பெரும்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் விண்வெளிக்குப் போய்விட்டது, அது திரும்பாது.

அப்படியானால் சூடாக்கவே வழியில்லையா?
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், தருமபுரி

சூடாக்க வழி உண்டு. சொல்லப்போனால் வெப்பம், அழுத்தம், மூச்சுக்காற்று என்ற மூன்று பிரச்சினைகளில் எளியது அதுதான்.

பழைய யோசனை, வீரியமான பசுங்குடில் வாயுக்களை அங்கேயே தயாரித்து விடுவது. 2005-ல் மார்கரிட்டா மரினோவா குழு பல ஃப்ளூரின் சேர்மங்களை ஒப்பிட்டு, ஆக்டாஃப்ளூரோபுரோபேன் சிறந்தது என்றது. ஓசோனை அரிக்காது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் நிற்கும். குறை என்னவென்றால், கோள் முழுவதையும் சூடாக்கப் பல ஆயிரம் கோடி டன் ஃப்ளூரின் வேண்டும். செவ்வாயின் மேல்மண்ணில் ஃப்ளூரின் அரிது. அத்தனை பாறையைத் தோண்டி, அரைத்து, பிரித்தெடுக்க வேண்டும்.

2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் சமானே அன்சாரி, எட்வின் கைட் உள்ளிட்டோர் வேறு வழி காட்டினார்கள். செவ்வாயின் மண்ணில் தாராளமாக இருக்கும் இரும்பு அல்லது அலுமினியத்தை 9 மைக்ரோமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சிகளாக்கிக் காற்றில் தூவுவது. அலங்காரத்துக்குத் தூவும் மினுக்குப் பொடியைவிடவும் சிறியவை. இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு: தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிர்களின் அலைநீளத்தோடு அது பொருந்துகிறது. குச்சிகள் அந்தக் கதிர்களைச் சிதறடித்துத் தரைக்கே திருப்புகின்றன. சூரிய ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. விநாடிக்கு 30 லிட்டர் வீதம் தொடர்ந்து தூவினால் கோளின் சராசரி வெப்பம் 30 டிகிரிக்கு மேல் உயரும் என்கிறது அவர்களின் மாதிரி. எடைக்கு எடை பார்த்தால் வாயுக்களைவிட 5,000 மடங்கு பலன்.

விநாடிக்கு 30 லிட்டர் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. அலுமினியமாக இருந்தால் அது நாளொன்றுக்கு 7,000 டன், ஆண்டுக்கு 25 லட்சம் டன். சுரங்கம், உருக்காலை, இழுவை ஆலை, தூவும் கோபுரம் எல்லாம் செவ்வாயில் நிற்க வேண்டும். இதில் எங்கே தவறு நேரலாம்? துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் விரைவில் கீழே விழும். காற்றில் ஈரம் கூடும்போது அவற்றைச் சுற்றிப் பனி படிந்து இறங்கிவிடலாம். தூவுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் கோள் பழைய குளிருக்குத் திரும்பும். இந்தக் கடைசி அம்சத்தை நாங்கள் நல்லதாகவே பார்க்கிறோம். திரும்பப் பெற முடியாத செயலைவிட நிறுத்தக்கூடிய செயல் மேல்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த வழியில் கிடைப்பது கோடையில் சில இடங்களில் உருகும் பனியும் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற ஈரமும்தான். அழுத்தமும் மூச்சுக்காற்றும் இதனால் வந்துவிடாது.

செவ்வாய்க்குக் காந்தப்புலம் இல்லையே. காற்றை உண்டாக்கினாலும் சூரியக் காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா?
– பொறியாளர், யாழ்ப்பாணம்

போகும், ஆனால் மிக மெதுவாக. 2014-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மேவன் விண்கலத்தின் அளவுகளின்படி இப்போதைய இழப்பு விநாடிக்கு 2 அல்லது 3 கிலோ. இதே வேகத்தில் 1 பார் காற்று தீர 4,000 கோடி ஆண்டுகள் ஆகும். இளம் சூரியன் இன்றைவிடச் சீற்றமாக இருந்த காலத்தில்தான் பெரும் இழப்பு நடந்தது. காற்றை உருவாக்கும் திறன் கொண்டவர்களுக்கு விநாடிக்கு 3 கிலோவை ஈடுகட்டுவது பெரிய வேலையாக இருக்காது.

காந்தப்புலம் இல்லாததால் கதிர்வீச்சு வருமே என்பது இன்னொரு பயம். கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது நாளொன்றுக்கு சுமார் 0.67 மில்லிசீவர்ட், ஆண்டுக்கு ஏறக்குறைய 245. பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு சராசரி 2.4. ஆனால் தரையில் இருப்பவரைக் காப்பதில் முக்கியப் பங்கு தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைக்கு உண்டு. சதுர மீட்டருக்கு 27 டன் காற்று வந்துவிட்டால் காந்தப்புலம் இல்லாமலே நாம் பூமியில் இருப்பதைவிடக் கனமான போர்வை கிடைத்துவிடும்.

ஆக்சிஜனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நைட்ரஜன் எதற்கு? தூய ஆக்சிஜனையே வைத்துக்கொண்டால் என்ன?
– மருந்தாளுநர், திருச்சி

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. செவ்வாய்த் திட்டங்கள் எல்லாவற்றிலும் மிகப் பெரிய ஓட்டை நைட்ரஜன்தான். அதைப் பேசுபவர்கள் குறைவு.

தூய ஆக்சிஜனில் தீ கட்டுக்கு அடங்காது. 1967-ல் அப்பல்லோ 1 கூண்டில் ஒத்திகையின்போது மூன்று வீரர்கள் அப்படித்தான் இறந்தார்கள். தீயைத் தணிக்க வினைபுரியாத ஒரு வாயு கலந்திருக்க வேண்டும். அதற்கு ஆர்கானும் உதவும். ஆனால் உயிருக்கு நைட்ரஜனே வேண்டும். புரதம், மரபணு, பச்சையம் எதுவும் அது இல்லாமல் உருவாகாது.

செவ்வாயின் காற்றில் நைட்ரஜனின் பங்கு அழுத்தம், அதாவது அது மட்டும் தரும் அழுத்தம், 0.2 மில்லிபாருக்கும் குறைவு. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் சோதித்தபோது, 5 மில்லிபார் நைட்ரஜனில் வேலை செய்தன; 1 மில்லிபாரில் செய்யவில்லை. ஆகவே வெறுமனே பாக்டீரியாவைத் தூவிவிட்டு வந்தால் மண் வளமாகாது. கியூரியாசிட்டி சில பாறைகளில் நைட்ரேட்டைக் கண்டது, பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு அளவில். தோட்டத்துக்கு உரமாக அது பயன்படும். கோள் முழுவதற்கும் 300 மில்லிபார் நிரப்ப அது போதுமா என்பது வேறு விஷயம். அதற்கு 11 கோடி கோடி டன்னுக்கு மேல் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்பவர்கள் அம்மோனியாப் பனி நிறைந்த வால்மீன்களைச் சொல்வார்கள். 10 கிலோமீட்டர் விட்டமுள்ள, முழுக்க அம்மோனியாவே ஆன உருண்டைகள் 3,000-க்கு மேல் தேவைப்படும். அப்படி ஒரு வால்மீனும் கிடையாது. பெரும்பகுதி நீர்ப்பனியும் தூசியும்தான். ஒவ்வொன்றும் பூமியில் டைனோசர்களை அழித்த விண்கல்லின் அளவு. தரையில் ஆட்கள் குடியேறிய பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது.

கோளை விட்டுவிட்டு ஒரு கூடத்துக்குக் கணக்கிட்டால் காட்சி மாறுகிறது. 1,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள பசுங்குடிலில் 300 மில்லிபார் நைட்ரஜன் நிரப்ப சுமார் 345 கிலோ போதும். செவ்வாய்க் காற்றில் எடைப்படி 1.7 சதவீதம்தான் நைட்ரஜன். எனவே 20 டன் காற்றை உறிஞ்ச வேண்டும். அந்தக் காற்று மிக மெல்லியது என்பதால் அதன் கனஅளவு 10 லட்சம் கன மீட்டர். பம்பு பெரியதாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஓட வேண்டும், தூசி வடிகட்டி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிப்பது கடினமில்லை: அழுத்திக் குளிர்வித்தால் கரியமில வாயு முதலில் உறைந்து தனியே நின்றுவிடும், நைட்ரஜனும் ஆர்கானும் கலந்து மிஞ்சும். ஆர்கான் மூச்சுக்குக் கெடுதல் செய்யாது, பிரிக்கவே தேவையில்லை.

பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் ஆக்சிஜன் தயாரித்ததாகப் படித்தேன். அதையே பெரிதாக்கினால் போதாதா?
– ஐடிஐ பயிற்றுநர், கரூர்

அந்தக் கருவியின் பெயர் மாக்சி. எடை 17 கிலோ, மின்தேவை சுமார் 300 வாட். வடிகட்டி வழியே காற்றை இழுத்து, அழுத்தி, 800 டிகிரிக்குச் சூடாக்கி, பீங்கான் மின்கலங்களில் மின்சாரம் செலுத்திக் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்ட் வரை 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம் தந்தது. உச்ச வேகம் மணிக்கு 12 கிராம்; தூய்மை 98 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ வேண்டும், அதாவது மணிக்கு 35 கிராம். உச்ச வேகத்தில் இடைவிடாமல் ஓடும் மூன்று கருவிகள் ஒருவருக்குச் சமம்.

பெரிதாக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் கார்பன் மோனாக்சைடும் உடைந்து கரி படிந்து மின்முனையின் துளைகள் அடைபடும். அந்த மின்கலம் அதோடு கெட்டது. இரண்டாவது, உள்ளே வரும் தூய கரியமில வாயு நிக்கல் மின்முனையை ஆக்சைடாக்கிவிடும். அதைத் தடுக்கவே வெளியேறும் கார்பன் மோனாக்சைடில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே திருப்பி விடுகிறார்கள். அடிக்கடி சூடேற்றி ஆறவிடுவதும் பீங்கானுக்குக் கெடுதல். விடாமல் ஓடும் ஆலை அதிக நாள் உழைக்கும்.

குடியிருப்புக்கும் ராக்கெட் எரிபொருளுக்கும் இந்த முறை சரியானது. கோளுக்குச் சரிவராது. மணிக்கு 3 கிலோ தரும் ஆலைகள் ஒரு கோடி வைத்தாலும் 200 மில்லிபார் ஆக்சிஜனுக்கு 30 லட்சம் ஆண்டுகள் ஆகும். தாவரங்களிடம் விட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டு என்பது மெக்கேயின் மதிப்பீடு. அதிலும் ஒரு நிபந்தனை: செத்த இலையும் வேரும் மக்காமல் புதைய வேண்டும். மக்கினால் வெளியிட்ட ஆக்சிஜனை அவையே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

செவ்வாய் மண்ணில் கீரை போடலாமா?
– இயற்கை விவசாயி, ஈரோடு

அப்படியே போடக் கூடாது. 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவத்துக்கு அருகே மண்ணைச் சோதித்தபோது அரை சதவீதம் அளவுக்குப் பெர்குளோரேட் உப்புகள் இருந்தன. ஒரு டன் மண்ணில் 5 கிலோ. இந்த உப்பு தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். இலைக் காய்கறிகள் இதை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். கீரைதான் முதலில் பாதிக்கப்படும்.

நல்ல வேளையாகப் பெர்குளோரேட் நீரில் எளிதில் கரையும். மண்ணைத் தொட்டியில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வடித்த நீரைக் காய்ச்சி மீட்க வேண்டும். அங்கே ஒரு சொட்டையும் கொட்டிவிட முடியாது. மிஞ்சும் உப்பை, பெர்குளோரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் உள்ள தொட்டிக்கு அனுப்பினால் அவை அதைச் சாதாரணக் குளோரைடாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். அந்தக் குளோரைடு மண்ணுக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் உவர்நிலம்தான். கழுவிய மண்ணில் கரிமப் பொருள் சுத்தமாக இருக்காது. தூள் பாறைதான் அது. நீர் விட்டால் இறுகும், வேருக்குக் காற்று போகாது. கம்போஸ்ட் சேர்ந்து மண்ணாக மாறச் சில போகங்களாவது ஆகும். அதுவரை நீரிலும் தொட்டியிலும் வளர்ப்பதே பாதுகாப்பு.

ஜெர்மனியின் பிரெமனில் சிப்ரியன் வெர்சோ குழு 2021-ல் காட்டிய வழி எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியை 96 சதவீத நைட்ரஜனும் 4 சதவீதக் கரியமில வாயுவும் கொண்ட வெறும் 100 மில்லிபார் அழுத்தத்தில், செவ்வாய் மண் போன்ற பொடியிலிருந்து சத்தெடுத்து வளரச் செய்தார்கள். அழுத்தம் குறைந்தால் தொட்டியின் சுவர் மெல்லியதாக இருக்கலாம். பாசியை அறுவடை செய்து மற்றப் பயிர்களுக்கு உரமாக்கலாம்.

கோள் முழுவதும் முடியாது என்றால் எந்த அளவில் தொடங்கலாம்?
– கட்டட ஒப்பந்ததாரர், மதுரை

கூரை அளவில். 2019-ல் ஹார்வர்டின் ராபின் வேர்ட்ஸ்வொர்த் குழு, சிலிகா ஏரோஜெல் என்ற ஒளி ஊடுருவும் நுரைப்பொருளை 2–3 சென்டிமீட்டர் தடிமனில் விரித்தால் அதன் அடியில் வெப்பம் 50 டிகிரி வரை உயரும் என்று சோதித்துக் காட்டியது. புற ஊதாக் கதிரை அது தடுக்கும், பயிருக்கு வேண்டிய ஒளியை விடும். ஹீட்டர் தேவையில்லை. நிலத்தடியில் பனி இருக்கும் நடு அட்சரேகைப் பகுதிகளில் இதை விரித்தால் அடியில் ஆண்டு முழுவதும் உறையாத நீர் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஏரோஜெல் நொறுங்கும். மேலே தூசி படிந்தால் ஒளியும் வெப்பமும் குறையும். துடைக்க ஏற்பாடு வேண்டும். முக்கியமாக, அது காற்றை அடைத்துவைக்காது. வெளியே 6 மில்லிபார் இருக்கும்போது உள்ளே உள்ள நீர் ஆவியாகி ஓடிவிடும். ஆகவே அடியில் காற்றுப்புகாத உறை அவசியம்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான இடம் இதுதான். நம் ஊரில் கூரை கீழே விழாமல் தாங்க வேண்டும்; அங்கே மேலே பறக்காமல் பிடிக்க வேண்டும். உள்ளே 100 மில்லிபார் வைத்தாலே சதுர மீட்டருக்கு பூமியில் ஒரு டன் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். மண்ணைப் போட்டு அமுக்கலாம் என்றால், அங்கே ஈர்ப்பு குறைவு. 100 மில்லிபாருக்கு 1.8 மீட்டர் மண் வேண்டும், முழு 1 பாருக்கு 18 மீட்டர். அதனால் வடிவமைப்பை இரண்டாகப் பிரிப்பது நல்லது. பயிருக்கு 100 மில்லிபார் அளவில் ஒளி புகும் நீள உருளைக் கூடங்கள். ஆள் தங்க 2–3 மீட்டர் மண் மூடிய அறைகள். தங்கும் அறையில் 565 மில்லிபாரும் 34 சதவீத ஆக்சிஜனும் வைத்தால், நாசா ஆராய்ந்த கலவை அது, சுவர் மீதான விசை ஏறக்குறைய பாதியாகும். விண்வெளி உடைக்கு மாறும் நேரமும் குறையும். அந்த அறைக்கும் மண்ணின் எடை மட்டும் போதாது; இழுவிசையைத் தாங்கும் உருளை அல்லது கோள வடிவம்தான் பொருந்தும். சதுர மூலைகளில் விசை குவிந்து அங்கேதான் விரிசல் விடும்.

ஈர்ப்பு விசையை மாற்ற முடியுமா?
– 9-ஆம் வகுப்பு மாணவர், புதுச்சேரி

முடியாது. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் இடுப்பு எலும்பு மாதம் 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. செவ்வாயின் 38 சதவீத ஈர்ப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் யாரும் இல்லை; ஆகவே அங்கே உடல் என்ன ஆகும் என்று தெரியாது.

வெள்ளியை விட்டுவிட்டீர்களே?
– வாசகர், சிங்கப்பூர்

1961-ல் கார்ல் சேகன், வெள்ளியின் மேகங்களில் பாசியைத் தூவிக் கரியமில வாயுவைக் குறைக்கலாம் என்று எழுதினார். காற்று எவ்வளவு கனம் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும்: 92 பார், தரையில் 464 டிகிரி. பாசி அத்தனையையும் கார்பனாக மாற்றினால், அந்தக் கரியின் மேல் 60 பாருக்கு மேற்பட்ட ஆக்சிஜன் நிற்கும். அந்த வெப்பத்தில் எல்லாம் மறுபடி எரிந்துவிடும்.

தரையை விட்டு 50–55 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் அழுத்தம் 1 முதல் அரை பார், வெப்பம் 75-லிருந்து 27 டிகிரி. நாம் சுவாசிக்கும் காற்றே அங்கே பலூனைத் தூக்கும், ஏனெனில் சுற்றியிருக்கும் கரியமில வாயு அதைவிடக் கனம். 1985-ல் சோவியத் வேகா பலூன்கள் இரண்டும் சுமார் 54 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் மிதந்தன. கந்தக அமிலத் துளிகளைத் தாங்கும் உறை வேண்டும்.

அங்கே ஏற்கெனவே உயிர் இருந்தால்? மாற்ற நமக்கு உரிமை உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, நாகர்கோவில்

1967-ன் விண்வெளி ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு, பிற கோள்களுக்குத் தீங்கான மாசு சேர்க்கக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. 1976-ல் இறங்கிய வைக்கிங் கலங்களை அனுப்புமுன் சுமார் 112 டிகிரியில் 30 மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கினார்கள். தரைக்கு அடியில் ஆழமாகத் துளையிட்டுத் தேடாமல் கோளைச் சூடாக்கத் தொடங்குவது தவறு என்றே நாங்கள் கருதுகிறோம். நம் நுண்ணுயிர்கள் ஈரத்தில் பரவிய பிறகு, அங்கே கிடைக்கும் உயிர் அங்கே பிறந்ததா நாம் கொண்டுபோனதா என்று பிரித்தறிவது மிகவும் கடினமாகிவிடும். மூடிய கூடங்களில் வாழ்ந்துகொண்டே தேடலாம். கூடங்கள் அளவில் தொடங்குவதற்கு இதுவும் வலுவான காரணம்.

மூடிய கூடத்தில் காற்று கெட்டுப்போகாமல் இருக்குமா? அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்து காட்ட முடியுமா?
– பள்ளி அறிவியல் மன்றம், திண்டுக்கல்

அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற 1.27 ஹெக்டேர் கண்ணாடிக் கூடத்தில் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் நுழைந்து இரண்டாண்டு இருந்தார்கள். 16 மாதங்களில் ஆக்சிஜன் 20.9-லிருந்து ஏறக்குறைய 14.5 சதவீதமாக இறங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. வளம் மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. அது அதே அளவு ஏறியிருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும். ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக்கிக்கொண்டிருந்தது.

இதையே உங்கள் மேசையில் காட்டலாம். 20 லிட்டர் கொள்ளும், ரப்பர் வளையம் உள்ள, ஒளி புகும் டப்பாக்கள் இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் அரைக் கிலோ ஈரக் கம்போஸ்ட், ஒரே அளவு மணி பிளான்ட். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம், நீற்றிய சுண்ணாம்பைச் சற்று ஈரமாக்கித் தட்டில் பரப்பி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஆசிரியர் செய்யட்டும். அந்தச் சுண்ணாம்பு 3 கிராம் வரை கரியமில வாயுவைப் பிடிக்கும். டப்பாவில் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) இருந்தாலும் அது 0.2 கிராமைத் தாண்டாது. எனவே சுண்ணாம்பு போதும்.

மூடியில் துளையிட்டு ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் குழாயோடு இணையுங்கள், பாதி காற்றோடு. பகலில் காற்று விரியும்போது மூடி பிதுங்கிக் கசியாமல் இது காக்கும். பலூன் வேண்டாம், அதன் ரப்பர் வழியே கரியமில வாயு வெளியேறிவிடும். ஒவ்வொரு டப்பாவிலும் வைக்கும் கரியமில வாயு சென்சாரின் கம்பி நுழையும் துளைகளை எபாக்சிப் பசையால் அடைத்து, சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். நேர் வெயிலில் வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் செடி வெந்துவிடும். 12 மணி நேரம் எல்இடி விளக்கு போதும்.

சென்சார் வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையைக் கேளுங்கள். விலை குறைந்த பல சென்சார்கள் வேறு ஆவிகளை அளந்து கரியமில வாயுவை ஊகித்துச் சொல்பவை. மூடிய டப்பாவில் அவை முழுப் பொய் காட்டும். நல்ல சென்சாரிலும் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். கடந்த நாளின் மிகக் குறைந்த அளவை 400 என்று அது எடுத்துக்கொள்ளும், உங்கள் டப்பாவில் அது 3,000 ஆக இருந்தாலும்.

சுண்ணாம்பு இல்லாத டப்பாவில் எண் விறுவிறுவென்று ஏறி 5,000-ஐத் தொட்டு நிற்கும். சென்சாரின் எல்லை அது. எல்லையைத் தொடாமல் பார்க்க வேண்டுமானால் கம்போஸ்டைக் கால் கிலோவாகக் குறையுங்கள், இரண்டிலும் ஒரே அளவாக. சுண்ணாம்பு உள்ள டப்பாவில் எண் தாழ்ந்தே இருக்கும், காற்று நன்றாக இருப்பதுபோல. அப்போது பையைப் பாருங்கள். ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்க, அதற்கு ஈடாக எதுவும் காற்றில் சேராததால் பை நாளுக்கு நாள் சுருங்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெப்பநிலையில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் வெப்பத்தால் வரும் சுருக்கத்தோடு அது குழம்பிவிடும்.